கொட்டியாரக் குடாவின் சேற்றில் மலையகத்து மண்: ஒரு திறந்த மடல்

மத்திய சுற்றாடல் அதிகாரசபை, இலங்கை மகாவலி அதிகாரசபை, நாரா எனப்படும் தேசிய நீர்வாழ் வளங்கள் ஆராய்ச்சி அபிவிருத்தி முகவரகம் ஆகியவற்றின் தலைவர்களுக்கும் ஆய்வுப் பிரிவுகளுக்கும்.

மதிப்பிற்குரியவர்களே,

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்நாட்டைக் கடந்து சென்றபோது 600 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மண்சரிவுகள் வீடுகளையும் தோட்டத் தொழிலாளர் வாழும் லயன்களையும் பாதைகளையும் அள்ளிச் சென்றன. இழந்தவர்களுக்கு நிவாரணம், இடம்பெயர்ந்தவர்களுக்குப் பாதுகாப்பான காணி, உடைந்த பாதைகளுக்குத் திருத்தம் என்பவையே முதலில் நடக்க வேண்டியவை. அவற்றைக் கேட்பதற்குத் தொழிற்சங்கங்களும் மக்கள் பிரதிநிதிகளும் இருக்கிறார்கள். தலவாக்கலைப் பகுதியில் உயர்தர மாணவர்களுக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் ஓர் ஆசிரியன் என்ற வகையில் நான் கேட்க வந்தது வேறொன்று. அந்த நாட்களில் எங்கள் மலைகளிலிருந்து இறங்கிய மண் எங்கே போய்ச் சேர்ந்தது, சேர்ந்த இடத்தில் அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை அளந்து பார்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இன்னும் தெளிவாகச் சொல்வதானால், ஆறு கலங்கி ஓடும் நாட்களில் மாதிரி எடுங்கள். ஓடும் நீரோடு நில்லாமல் அடியில் தங்கும் சேற்றையும் எடுங்கள். மலையில் எடுத்த அளவையும் கடலோரத்தில் எடுத்த அளவையும் ஒரே கோப்பில் வையுங்கள். இதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. சேற்றுக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால் அதைப் பற்றிய பேச்சு எப்போதும் பொதுவான கவலையோடு நின்றுவிடுகிறது.

கிரகரி வாவியிலிருந்து வழியும் நீர் நானு ஓயாவில் இறங்கிக் கொத்மலை ஓயாவோடு சேர்கிறது. அக்கரப்பத்தனைப் பக்கத்து ஆக்ரா ஓயாவும் அந்த ஆற்றுக்கே வருகிறது. பிறகு அது மகாவலியாகி, பொல்கொல்லை, விக்டோரியா, ரந்தெனிகலை, ரந்தம்பை அணைகளைத் தாண்டி, மன்னம்பிட்டி வழியாகச் சமவெளியில் பரந்து, ஒரு கிளையை வெருகல் ஆறாகப் பிரித்துவிட்டு, மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது. இந்த ஆற்றின் நீளம் 335 கிலோமீற்றர். தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மழைநீர் இதன் வழியாகவே வடிகிறது. அட்டன், டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கத்து நீரோ காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்கள் வழியாகக் களனி கங்கைக்குப் போய், கொழும்பு முகத்துவாரத்தில் கடலில் விழுகிறது. ஆக, ஒரு மழையில் எங்கள் தோட்டத்துக் கான்களில், அதாவது வடிகால்களில், ஓடும் செந்நீர், அட்டன் மேட்டின் எந்தப் பக்கத்தில் விழுந்தது என்பதைப் பொறுத்து, கிழக்கிலோ மேற்கிலோ, ஆறு கடலோடு கலக்கும் ஒரு கழிமுகத்தின் அடித்தளமாகப் படிகிறது.

இடையில் இத்தனை அணைகள் இருக்கும்போது மலை மண் எப்படி மூதூர் வரை போகும் என்று பொறியியலாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மணலும் பருமனான வண்டலும் நீர்த்தேக்கங்களில் தங்கிவிடுகின்றன. பொல்கொல்லையும் ரந்தம்பையும் எவ்வளவு வண்டலால் நிரம்பியிருக்கின்றன என்பதை உங்கள் பொறியியலாளர்களே அறிவார்கள். ஆனால் பயிருக்கும் பாசிக்கும் உணவாகும் போசணையைச் சுமப்பது மணல் அல்ல. மிக நுண்ணிய களித்துணிக்கையே தன் பெரிய மேற்பரப்பில் பொசுபரசைப் பிடித்து வைத்திருக்கிறது. அது நாட்கணக்கில் நீரில் மிதக்கக்கூடியது. வெள்ளத்தில் வான்கதவுகள் திறக்கப்படும்போது நீரோடு போவதும் அதுவே. லொக்கல் ஓயா போன்ற கிளைகள் பெரிய அணைகளுக்குக் கீழேதான் ஆற்றோடு சேர்கின்றன. தேக்கத்தின் அடியில் தங்கிய சேறும் அங்கேயே நிரந்தரமாகத் தூங்கிவிடுவதில்லை. 1990களின் முற்பகுதியில் கொத்மலை நீர்த்தேக்கத்திலும், 1999 இல் கண்டி வாவியிலும் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி பெருகியதை மறந்திருக்க மாட்டீர்கள்.

இனிக் கழிமுகத்துச் சேற்றுக்கு வருகிறேன். கண்டல் ஓரத்தில் நீர் வற்றிய வேளையில் ஒரு பிவிசி குழாயைச் சேற்றில் செங்குத்தாக அழுத்தி, மேல்வாயை உள்ளங்கையால் இறுக மூடிக்கொண்டு வெளியே இழுத்து, உள்ளிருக்கும் சேற்றை ஒரு தட்டில் தள்ளிப் பாருங்கள். மேலே பாலாடை அளவுக்கு மெல்லிய ஒரு பழுப்புப் படலம். அதன் கீழே சாம்பல் நிறம். அதற்கும் கீழே மையைப் போன்ற கருமை. அழுகிய முட்டை நாற்றம் உடனே எழும். அந்தக் கருஞ்சேற்றை அப்படியே காற்றில் வைத்தால், சில மணி நேரத்தில் அதன் வெளிப்புறம் மெல்லப் பழுப்பாக மாறுவதையும் காணலாம். கழிமுகத்தின் போசணைச் சுழற்சி முழுவதும் இந்த நிறமாற்றத்தில் இருக்கிறது.

பழுப்புப் படலத்தில் ஒட்சிசன் இருக்கிறது. அதன் தடிப்பு பெரும்பாலும் சில மில்லிமீற்றர்தான். அதற்குக் கீழே வாழும் பற்றீரியாக்கள் ஒட்சிசன் இல்லாமலே செத்த இலை, பாசி போன்ற சேதனப் பொருளைச் சிதைக்க வேண்டும்; ஆகவே முதலில் நைத்திரேற்றையும், பிறகு மங்கனீசு, இரும்பு ஒட்சைட்டுகளையும், அவையும் தீர்ந்தபின் கடல்நீரின் சல்பேற்றையும் பயன்படுத்துகின்றன. ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேற்று உண்டு. மலை ஓடையிலோ அது மில்லிகிராம் கணக்கில்தான் இருக்கும். சல்பேற்றைப் பயன்படுத்திய பற்றீரியாக்கள் ஐதரசன் சல்பைட்டை வெளிவிடுகின்றன. அது இரும்போடு சேர்ந்து இரும்புச் சல்பைட்டாகும்போது சேறு கறுக்கிறது. காற்றுப் பட்டதும் அந்தச் சல்பைட்டு ஒட்சியேற்றம் அடைவதால் மீண்டும் பழுப்பாகிறது.

இதில் எங்கள் மண்ணுக்கு என்ன பங்கு என்பதே கவனிக்க வேண்டியது. மலையகத்துச் செம்மஞ்சள் மண் அமிலத்தன்மை கொண்டது. இரும்பு, அலுமினிய ஒட்சைட்டுகள் நிறைந்தது. தேயிலைக்கும் மரக்கறிக்கும் போடும் பொசுபரசில் பெரும்பகுதி வேருக்குப் போகாமல் இந்த ஒட்சைட்டுகளில் ஒட்டிக்கொள்ளும். தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தர் எவருக்கும் இது தெரிந்த விடயம். அப்படி ஒட்டியிருக்கும்வரை அது ஆற்று நீரில் கரைவதில்லை. ஆகவே வடிகட்டிய ஆற்று நீரில் பொசுபேற்றை அளந்தால் எண் சிறியதாகவே வரும், அறிக்கையும் திருப்திகரமாகவே இருக்கும். அதே களி கழிமுகத்தில் படிந்து, ஒட்சிசன் அற்ற ஆழத்துக்குப் புதைந்து, அங்கே உண்டாகும் சல்பைட்டு இரும்பைப் பறித்துக்கொள்ளும்போது, பிடிப்பை இழந்த பொசுபேற்று நீரில் கரைந்து மேலெழுகிறது. நன்னீர் வாவியில் ஒட்சிசன் திரும்பி வந்தால் இரும்பு மறுபடி பொசுபேற்றைப் பிடித்துக்கொள்ள இடமுண்டு. உவர்நீரில் இரும்பு சல்பைட்டோடு பிணைந்துவிடுவதால் அந்த மீட்சி பெரிதும் குறைந்துவிடுகிறது. நுவரெலியாவில் லீக்ஸ் பாத்திக்குப் போட்ட உரம் பல ஆண்டுகள் கழித்து மூதூர் நீரில் பாசியாக முளைப்பதற்கு இரசாயனத்தில் தடை எதுவுமில்லை.

நைதரசனின் கதை வேறு. சேற்றில் சிதையும் பொருட்களிலிருந்து வரும் அமோனியம், பழுப்புப் படலத்தில் வாழும் பற்றீரியாக்களால் நைத்திரேற்றாக மாற்றப்படுகிறது. அந்த நைத்திரேற்று சற்றுக் கீழே ஒட்சிசன் அற்ற படைக்கு ஊடுருவியதும் வேறு பற்றீரியாக்கள் அதை நைதரசன் வாயுவாக்கிக் காற்றுக்கு அனுப்பிவிடுகின்றன. மேலும் கீழுமாக இருக்கும் இந்த இரண்டு படைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால்தான் கழிமுகத்தால் அளவுக்கு மீறிய நைதரசனைத் தானாகவே வெளியேற்ற முடிகிறது. நண்டும் புழுவும் தோண்டும் வளைகள் இந்தத் தொடுபரப்பைப் பன்மடங்காக்குகின்றன. வளைக்குள் அவை தள்ளும் நீரோடு ஒட்சிசனும் ஆழத்துக்குப் போகிறது. பொசுபரசுக்கு இப்படி வாயுவாகி வெளியேறும் வழியில்லை. அது ஒன்று புதைய வேண்டும், அல்லது திறந்த கடலுக்குப் போக வேண்டும்.

மாசு கூடும்போது இந்த ஏற்பாடு எங்கே முறிகிறது என்பதும் ஓரளவு தெளிவாகவே அறியப்பட்டிருக்கிறது. லயன்களின் மலக்குழிக் கசிவு, நகரத்துக் கழிவுநீர், மரக்கறித் தோட்டங்களுக்குப் போடும் கோழியெரு, தேயிலைக்குப் போடும் யூரியாவில் மழையோடு கரைந்தோடும் பங்கு ஆகிய எல்லாமாகச் சேர்ந்து கீழே பாசியை வளர்க்கின்றன. பாசி செத்து அடியில் படியும்போது அதைச் சிதைப்பதற்கே ஒட்சிசன் செலவாகிவிடுகிறது. பழுப்புப் படலம் மெலிந்து, ஒரு கட்டத்தில் இல்லாமலே போகிறது. அதோடு அமோனியத்தை நைத்திரேற்றாக்கும் வேலை நின்றுவிடுகிறது. சல்பைட்டு அந்தப் பற்றீரியாக்களுக்கு நஞ்சாகவும் ஆகிறது. மிஞ்சியிருக்கும் நைத்திரேற்றையும் வாயுவாக விடாமல் திரும்பவும் அமோனியமாக மாற்றும் வழியே அப்போது மேலோங்குகிறது. மேலே வந்த அமோனியமும் பொசுபேற்றும் அடுத்த பாசிக்கு உணவு. அதனால்தான் மேலிருந்து வரும் மாசை இன்றே நிறுத்தினாலும், ஏற்கெனவே சேற்றில் சேர்ந்தது ஆண்டுக்கணக்கில் நீருக்குக் கசிந்துகொண்டிருக்கும். 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டுச் சில மாதங்களில் அத்தடை தளர்த்தப்பட்டது. அந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் எடுத்த சேற்று மாதிரிகளின் அளவீடுகள் உங்களிடம் இருந்தால், எவரும் வேண்டுமென்று செய்திருக்க முடியாத ஒரு பரிசோதனையின் விடை அதில் இருக்கும். தயவுசெய்து அவற்றை வெளியிடுங்கள்.

செம்பு பற்றியும் ஒரு வார்த்தை. 1946 இல் கொப்புள நோய் இந்நாட்டுத் தேயிலையில் பரவியது முதல் செம்பு கலந்த பூஞ்சணக்கொல்லிகள் எங்கள் மலைகளில் தெளிக்கப்பட்டு வந்திருக்கின்றன. செம்பு மக்கி அழிவதில்லை. மண்ணோடு ஒட்டிக்கொண்டு மண்ணோடே இறங்கும். ஒட்சிசன் அற்ற சேற்றில் அது சல்பைட்டாகக் கட்டுண்டு கிடக்கும். புயல் சேற்றைக் கிளறிக் காற்றூட்டிய நீரில் கலக்கும்போது கட்டு அவிழும். அமோனியத்தை மாற்றும் நுண்ணங்கிகளுக்கு அளவுக்கு மீறிய செம்பும் உகந்ததல்ல.

புயல் என்ன செய்கிறது என்று பார்த்தால், மேலே சொன்ன அனைத்தையும் சில நாட்களுக்குள் நடத்தி முடிக்கிறது. வகுப்பில் நான் மாணவர்களுக்குச் செய்து காட்டும் எளிய பரிசோதனை ஒன்று உண்டு. மழை விட்டதும் கானில் ஓடும் செந்நீரை இரண்டு ஜாம் போத்தல்களில் பிடித்து, ஒன்றில் மட்டும் ஒரு கரண்டி கறியுப்பைக் கலக்கி, இரண்டையும் மேசையில் வைப்போம். உப்புப் போட்ட போத்தலில் களி திரிதிரியாகத் திரண்டு, பாடம் முடிவதற்குள் அடியில் இறங்க, மேலே நீர் தெளிந்துவிடும். மற்றது அப்படியே கலங்கிக் கிடக்கும். முந்நூறு கிலோமீற்றர் மிதந்து வந்த களி கழிமுகத்துக்கு வந்ததும் ஏன் அங்கேயே படிகிறது என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் வேண்டியதில்லை. களியில் ஒட்டியிருந்த அமோனியத்தையும் கடல்நீரின் சோடியம் முதலான அயன்கள் வெளியே தள்ளிவிடும். ஆகவே களி படியும்போதே நீருக்கு நைதரசன் கிடைத்துவிடுகிறது.

வெள்ளத்தோடு வரும் நன்னீர் பாரம் குறைந்தது. அது உவர்நீரின் மேல் பரந்து நிற்கும்போது காற்றிலிருந்து ஒட்சிசன் அடிக்கு இறங்குவது தடைப்படுகிறது. அதே நேரத்தில் அடியில் புதிதாக விழுந்த இலைகுழைகளும் எருவும் இருக்கிற ஒட்சிசனையும் தின்றுகொண்டிருக்கும். புயல் அலை முதலில் பழைய சேற்றைக் கிளறி, அதன் துளைகளில் தேங்கியிருந்த அமோனியத்தையும் பொசுபேற்றையும் ஒரேயடியாக நீரில் விடுகிறது. அலை அடங்கியபின் புதுச் சேறு விரலளவோ சாணளவோ படிந்து, வளைகளையும் அவற்றைத் தோண்டிய உயிர்களையும் மூடிவிடுகிறது. வளைகளை அடைத்தபின் அந்தச் சேறு எத்தனை மாதத்தில் மூச்சு விடத் தொடங்கும் என்பது, எஞ்சிய நண்டும் புழுவும் எவ்வளவு விரைவில் திரும்பிவந்து தோண்டும் என்பதைப் பொறுத்தது. இந்த இடைவெளியில்தான் மட்டி பொறுக்குபவர்களும் இறால் பிடிப்பவர்களும் வெறுங்கூடையோடு வீடு திரும்புகிறார்கள். அவர்களுக்கு அது கடலின் கோபமாகத் தெரிந்தாலும், அதில் ஒரு பங்கு எங்கள் மலையின் மண்.

புயலின் விளைவு எல்லாமே கேடு என்று நான் சொல்லவில்லை. வேகமான வெள்ளம் சில இடங்களில் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்த கருஞ்சேற்றை வழித்துக்கொண்டுபோய் ஆழ்கடலில் சேர்ப்பதுண்டு. திருகோணமலைக்கு வெளியே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று இருப்பதால் அங்கே இது எளிதாகவும் நடக்கக்கூடும். இன்னொரு முக்கியமான வேறுபாடும் இருக்கிறது. இம்மடலை எழுத என்னைத் தூண்டியதே அதுதான். டித்வாவின்போது இறங்கிய மண் ஒரே வகையானதல்ல. மண்சரிவில் பெயர்ந்து வந்தது பெரும்பாலும் ஆழத்து மண். அதில் இரும்பு ஒட்சைட்டு நிறைய, உரம் மிகக் குறைவு. அப்படிப்பட்ட மண் கழிமுகத்தில் படிந்தால், நீரில் இருக்கும் பொசுபேற்றை அதுவே சிறிது காலம் உறிஞ்சிவைக்கலாம். வளைகளை மூடுவதால் வரும் கேடு மட்டுமே அதன் கேடு. உருளைக்கிழங்கு, கரட் பாத்திகளிலிருந்தும் புல் பிடுங்கிச் சுரண்டிய தேயிலைச் சரிவுகளிலிருந்தும் கழுவிப்போன மேல்மண்ணோ பல ஆண்டு உரத்தைச் சுமந்துகொண்டு போயிருக்கிறது. ஆற்றில் ஓடும்போது இரண்டும் ஒரே சிவப்புத்தான். ஒன்று நோயை ஆற்றக்கூடியது, மற்றது வளர்ப்பது. நிறத்தைப் பார்த்து இது எதுவென்று எவராலும் சொல்ல முடியாது.

சொல்வதற்கு வழி உண்டு. காற்று மண்டலத்தில் அண்டக்கதிர்களால் உண்டாகும் பெரிலியம்-7 என்ற கதிரியக்கப் பொருள் மழையோடு விழுந்து மண்ணின் மேல் ஓரிரு சென்ரிமீற்றரில் மட்டும் ஒட்டிக்கொள்கிறது. அதன் அரைவாழ்வு, அதாவது அது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், 53 நாட்கள். கழிமுகத்தில் புதிதாகப் படிந்த சேற்றில் அது இருந்தால் வந்தது மேல்மண். இல்லையென்றால் ஆழத்து மண். புயலடித்துச் சில மாதங்களுக்குள் எடுத்தால்தான் இந்தச் சோதனை பயன்படும் என்பதால், டித்வாவைப் பொறுத்தவரை காலம் நழுவிக்கொண்டிருக்கிறது, நழுவியும் இருக்கலாம். ஆனால் 30 ஆண்டு அரைவாழ்வுள்ள சீசியம்-137, 22 ஆண்டு அரைவாழ்வுள்ள ஈயம்-210 ஆகிய இரண்டும் மேல்மண்ணிலேயே மிகுதியாக இருப்பவை. அவற்றைக் கொண்டு இன்றும் பார்க்கலாம், பழைய புயல்களின் படைகளையும் ஆண்டு குறிக்கலாம். குழாயில் எடுத்த ஒரு மீற்றர் சேற்றில் 1978 நவம்பரில் கிழக்கைத் தாக்கிய சூறாவளியின் படையும் இருக்கக்கூடும். டித்வாவின் படை அதைவிடத் தடித்ததா மெல்லியதா என்பது மலையில் நாம் நிலத்தை எப்படி வைத்திருந்தோம் என்பதற்கு ஒரு சாட்சி.

வெளிநாட்டு உதாரணங்களை அடுக்க விரும்பவில்லை, இரண்டு போதும். 1972 இல் ஆக்னெஸ் புயல் அமெரிக்காவின் செசப்பீக் குடாவுக்குள் கொண்டுவந்த வண்டல், சஸ்குவெஹானா ஆறு அதற்கு முந்திய பத்தாண்டுக்கும் மேலாகக் கொண்டுவந்ததைவிட அதிகம். வெள்ளம் வந்த சில நாட்களிலேயே அது நடந்து முடிந்தது. அதே ஆற்றின் கொனொவிங்கோ அணைக்குப் பின்னால் தங்கியிருந்த சேற்றை 2011 இல் லீ புயல் கிளறிக் குடாவுக்குள் தள்ளியது. அணை கட்டினால் பிரச்சினை தீர்ந்தது என்று இருந்தவர்களுக்கு அது பெரிய பாடமாயிற்று. வட கரொலைனாவின் பாம்லிக்கோ குடாவில் 1999 இல் டெனிஸ், ஃபுளொயிட், ஐரீன் என்று ஆறு வாரங்களுக்குள் வந்த மூன்று புயல்கள், அந்த ஆண்டுக்குரிய நைதரசனில் ஏறத்தாழப் பாதியைச் சுமந்து வந்தன. புயல் நாட்களை விட்டுவிட்டு எடுத்த ஆண்டுச் சராசரி எவ்வளவு பொய்யானது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். நாட்காட்டியில் தேதி குறித்து எடுக்கும் மாதிரி எந்த நாட்டிலும் பெரும்பாலும் தெளிந்த நாளில்தான் விழும். ஆற்றில் பொசுபரசு போவதோ கலங்கிய நாளில்.

இந்த மடலைப் படிக்கும் எவரும், மண் கழுவிப் போவதற்கு மலையில் வாழ்கிறவர்களே காரணம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. செங்குத்தான சரிவுகளில் காட்டை வெட்டிக் கோப்பியும் பிறகு தேயிலையும் போட்டது எங்கள் பாட்டன்மாரின் முடிவல்ல. லயனுக்கு மலக்குழி எங்கே தோண்டுவது என்பதைக்கூட அந்த லயனில் இருப்பவர்கள் தீர்மானிப்பதில்லை. மறுநடுகைக்கு முன் மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்த்து மண்ணைத் தேற்ற வேண்டும் என்றும், சமவுயரக் கோட்டில் கான் வெட்டி அதில் வண்டல் தங்கக் குழி வைக்க வேண்டும் என்றும், 1925 இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. மண் பாதுகாப்புச் சட்டமும் 1951 முதல் இருக்கிறது. கான் வெட்டிய ஆட்களுக்குத் தெரியும், குழி வைத்து வெட்டிய கானில் மழைக்குப் பிறகு எவ்வளவு மண் தங்கியிருந்தது என்று. ஆளில்லை, செலவில்லை என்று கான்கள் தூர்ந்துபோக விடப்பட்ட இடங்களில் அந்த மண் ஓயாவுக்குப் போயிற்று. ஒரு கான் தூர்வாரும் செலவையும் மூதூரில் ஒரு பருவத்து இறால் நட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஓர் எண் வேண்டும். அந்த எண் இல்லாதவரை எந்தக் கம்பனி முகாமையாளரும் எந்தப் பிரதேச சபையும் இதற்குப் பணம் ஒதுக்கப் போவதில்லை.

ஆகவே என் வேண்டுகோள்களை விடயத்தோடு சேர்த்தே வைக்கிறேன். நீர்ப்பாசனத் திணைக்களம் நாவலப்பிட்டி, பேராதனை, மன்னம்பிட்டி, கித்துல்கலை, ஹங்வெல்லை முதலிய இடங்களில் ஆற்று மட்டத்தை அளந்து வெள்ள எச்சரிக்கை விடுகிறது. அந்த எச்சரிக்கை மட்டத்தையே மாதிரி எடுப்பதற்கான மணியோசையாக வைத்துக்கொள்ளுங்கள். நீர் ஏறும்போதும் வடியும்போதும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை, வடிகட்டாத நீரை, அதாவது களியோடு சேர்த்து எடுத்து, மொத்தப் பொசுபரசையும் இரும்போடு பிணைந்த பொசுபரசையும் நைதரசனையும் செம்பையும் அளக்கச் செய்யுங்கள். மூதூரிலும் வெருகலிலும் முகத்துவாரத்திலும் ஆண்டுக்கு இருமுறையும், ஒவ்வொரு பெருவெள்ளத்துக்குப் பின்னும், குழாயில் சேறு எடுத்து சென்ரிமீற்றர் சென்ரிமீற்றராக வெட்டிப் பார்க்க வேண்டும். சேற்றுத் துணிக்கைகளுக்கு இடையே தேங்கும் துளைநீரில் அமோனியம், பொசுபேற்று, சல்பைட்டு ஆகிய மூன்றையும் அன்றே அளக்க வேண்டும், ஏனென்றால் காற்றுப் பட்டால் அவை மாறிவிடும். கொட்டியாரக் குடாவைச் சுற்றியுள்ள கண்டல்களில் புயலுக்கு முன்னும் பின்னும் நண்டு வளைகளை எண்ணுவதற்கு ஆய்வுகூடமே தேவையில்லை. எண்கள் சிங்களத்திலும் தமிழிலும், மூதூர் மீனவர் சங்கத்துக்கும் நுவரெலியா மரக்கறி விவசாயிகளுக்கும் ஒரே தாளில் போய்ச் சேர வேண்டும். மலையின் நீர் மகாவலி அதிகாரசபைக்கு, கழிவு சுற்றாடல் அதிகாரசபைக்கு, மீன் நாராவுக்கு என்று பிரித்துவைத்தால் சேறு எவருக்கும் சொந்தமில்லாமல் போய்விடும். மூன்று நிறுவனங்களையும் ஒரே மடலில் விளித்ததற்குக் காரணம் அதுவே.

ஆளணி இல்லை என்பது உங்கள் பதிலாக இருக்கலாம் என்பதால் இதையும் சேர்க்கிறேன். பிள்ளைகளை வெள்ளத்துக்கு அருகில் விட நான் ஒப்பமாட்டேன். ஆனால் என்னிடம் படித்து இன்று தோட்டங்களில் வெளிக்கள உத்தியோகத்தர்களாகவும் பாடசாலை ஆய்வுகூட உதவியாளர்களாகவும் இருப்பவர்கள் கொத்மலை ஓயாவின் இரு கரையிலும் வாழ்கிறார்கள். நள்ளிரவில் ஆறு ஏறினாலும் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிய வாளியை இறக்கி நீர் மொள்ள அவர்களால் முடியும், மொள்ளவும் சம்மதித்திருக்கிறார்கள். அமிலத்தில் கழுவிய போத்தல்கள், பனிக்கட்டிப் பெட்டி, மறுநாள் காலையில் அவற்றைப் பேராதனைக்கோ கொழும்புக்கோ எடுத்துச் செல்ல ஒரு வாகனம், எப்படி எடுப்பது என்று காட்டிக்கொடுக்க உங்கள் உத்தியோகத்தர் ஒருவர் ஆகியவையே எங்களிடம் இல்லாதவை. ஒக்டோபரில் இடைப்பருவ மழை தொடங்கும். அதற்கு முன் போத்தல்கள் தலவாக்கலைக்கு வந்து சேர்ந்தால் முதல் கலங்கல் நீரையே பிடித்துவிடலாம். மூதூர்ப் பக்கத்துச் சேற்றை எடுப்பதற்கு அங்குள்ள மீனவர் சங்கங்களைக் கேளுங்கள். எந்த இடத்தில் சேறு புதிது, எது பழையது என்பதை அவர்கள் காலால் மிதித்தே சொல்வார்கள்.

இப்படிக்கு,
தலவாக்கலைப் பகுதி உயர்தர விஞ்ஞான ஆசிரியர் ஒருவர்